ஒரே ரவுட்டரில் இரண்டு கருவிகள்: நடுவில் உங்கள் சர்வர் எதற்கு?

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிய அப்டேட்டில் நீக்கப்பட்ட நேரடி இணைப்பு வசதியைத் திரும்பத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். டேப்லெட்டிலிருந்து மேசைக் கணினியை இயக்க உதவும் உங்கள் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். கடைசி அப்டேட்டுக்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதினால் "உங்கள் இணைய வேகத்தைச் சரிபாருங்கள்" என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கோளாறு அங்கே இல்லை என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

நான் புத்தகப் பக்க வடிவமைப்பாளர். வேலைக்கான கனமான மென்பொருள்கள் எல்லாம் மாடி அறைக் கணினியில் இருக்கின்றன. முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரைக் கிலோ எடைகூட இல்லாத டேப்லெட்டை மடியில் சாய்த்து வைத்து, கீழே இருந்தபடியே மாடிக் கணினியை இயக்குகிறேன். என் பிழைப்பே அப்படித்தான் ஓடுகிறது.

என்னிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை அது ஏற்காது. அதற்கு புரோ பதிப்பு வேண்டும். தொலைவிலிருந்து கணினியை இயக்க 1998 முதல் புழக்கத்தில் உள்ள வி.என்.சி. என்ற மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். படங்கள் நிறைந்த பக்கங்களைப் புரட்டும்போது திணறியது. உங்கள் செயலியோ கிராபிக்ஸ் கார்டைக் கொண்டே திரையை வீடியோவாகச் சுருக்கி அனுப்பியது. விரல் போன இடத்துக்குச் சுட்டியும் உடனே போனது. அதற்காகத்தான் பணம் கட்டினேன்.

இப்போது என்ன ஆகியிருக்கிறது? கணினியின் உள்வலை (வீட்டு ரவுட்டருக்குள்ளேயே இயங்கும் வலை) முகவரியைக் கொடுத்து நேரடியாக இணையும் வழியை எடுத்துவிட்டீர்கள். கணக்கில் நுழைந்தால்தான் இணைப்பு. கணினித் திரையின் படம் முழுவதும் உங்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. மாடியிலிருந்து கீழே வர வேண்டிய படம் ஊரைச் சுற்றி வருகிறது! டேப்லெட்டிலிருந்து கணினிக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால் சில மில்லி செகண்டில் பதில் வருகிறது. உங்கள் செயலியிலோ ஒரு பெட்டியை இழுத்தால் விரல் நின்ற பிறகும் பெட்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. ரவுட்டரில் செருகியிருந்த இணையக் கம்பியைக் கழற்றியும் சோதித்தேன். கணினியில் உள்ள கோப்புகளை டேப்லெட்டில் தாராளமாகத் திறக்க முடிந்தது. உங்கள் செயலி மட்டும் "கணினி ஆஃப்லைனில் உள்ளது" என்றது. இதற்கு மேலும் என் இணைய வேகத்தைக் குறை சொல்வது நியாயமா?

சர்வர் வழியாகப் போவதால் "முழு நிறம்" என்ற தேர்வும் காணாமல் போய்விட்டது. இப்போது வரும் படத்தில் திரையின் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் அனுப்பப்படுகிறது. சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாது. மெய்ப்புத் திருத்துபவருக்குத் தெரியும். சாம்பல் பின்னணியில் சிவப்பு எழுத்தில் உள்ள திருத்தங்களில், மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி அப்படியே கரைந்துவிடுகிறது. 'க்' எது, 'க' எது என்று பார்க்க ஒவ்வொரு சொல்லையும் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது இணைப்பு அறுந்துபோகும் நேரம். ஆல்ட் பொத்தானை அழுத்தியிருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டால், விரலை எடுத்த செய்தி கணினிக்குப் போய்ச் சேர்வதில்லை. பொத்தான் அழுத்தப்பட்டே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்கிறது. மறுபடி இணைந்து ஒரு படத்தை நகர்த்தினேன்; அது நகரவில்லை, அதன் நகல் ஒன்று உருவாகிப் பத்தியின் மேல் உட்கார்ந்தது. அச்சுக்குப் போக இருந்த பக்கம் அது. போதாததற்கு, இணைப்பு அறுந்த பிறகும் கணினி பூட்டிக்கொள்வதில்லை. இன்னும் வெளியாகாத கையெழுத்துப் பிரதி மாடித் திரையில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, திறந்தே கிடக்கிறது. அதே பிரதி உங்கள் சர்வர் வழியாகவும் போய் வருகிறதே, அதைப் பூட்டி அனுப்பும் குறியாக்கத்தைத் திறக்கும் சாவி உங்களிடமும் இருக்கிறதா என்று அப்டேட் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. எழுத்தாளர்கள் என்னை நம்பிக் கொடுத்தவை இவை.

உள்வலை நேரடி இணைப்பையும் முழு நிறத் தேர்வையும் திரும்பத் தாருங்கள். வெளியூரிலிருந்து இணைபவர்களுக்குச் சர்வர் வழி தேவைப்படலாம். அதை எடுக்கச் சொல்லவில்லை. இணைப்பு அறுந்தவுடன் அழுத்திய பொத்தான்கள் அனைத்தும் விடுபட வேண்டும், கணினி பூட்டிக்கொள்ள வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதிலும் வேண்டும். இவை எப்போது நடக்கும் என்று தேதி சொல்ல முடிந்தால் காத்திருக்கிறேன். முடியாது என்றால், பழைய பதிப்பை நிறுவிக்கொள்ள வழி செய்யுங்கள்; அல்லது மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாத் தொகையைத் திருப்பி அனுப்புங்கள்.

கம்பியைக் கழற்றிச் செய்த சோதனையின் காணொளியையும் நிறம் கரைந்த பக்கத்தின் திரைப்பிடிப்பையும் இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் அவற்றைப் பார்த்த பிறகு பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்