கால்டுவெல் என்றால் ‘நன்கு அழைக்கப்பட்டவர்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பேராயர் ராபர்ட் கால்டுவெல் பற்றி நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இடையன்குடி தேவாலயம், அவர் வாழ்ந்த வீடு, 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்று எல்லாவற்றையும் அன்போடு எழுதியிருந்தார்கள், சந்தோஷமாக இருந்தது. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த சின்னக் குறிப்பு என்னை ரொம்பவே சங்கடப்படுத்திவிட்டது. ‘கால்டு’ என்றால் அழைக்கப்பட்ட, ‘வெல்’ என்றால் நன்றாக, ஆகவே கால்டுவெல் என்றால் ‘இறைவனால் நன்கு அழைக்கப்பட்டவர்’ என்று போட்டிருக்கிறீர்கள். இதை நான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அச்சில் வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை, ஏனென்றால் நாளைக்கு ஒரு பிள்ளை பேச்சுப் போட்டிக்கு இதைத்தான் மனப்பாடம் செய்யும்.

கால்டுவெல் என்பது ஓர் ஊர்ப்பெயர். ஊர்ப்பெயராவதற்கு முன்னால் அது ஒரு தண்ணீரின் பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘கால்ட்’ என்றால் குளிர்ந்த, ‘வெல்லா’ என்றால் ஊற்று. குளிர்ந்த ஊற்று, அவ்வளவுதான். இதில் அழைப்பும் இல்லை, நன்மையும் இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் அந்த இரண்டாம் சொல் கிணற்றைக் குறிப்பதால் சிலர் ‘குளிர்ந்த கிணறு’ என்று எழுதுகிறார்கள், அது பாதி சரி. ஆனால் அந்தக் காலத்தில் அது ஆள் வைத்துத் தோண்டிய கிணறு அல்ல, தானாகப் பூமியிலிருந்து பொங்கி ஓடும் நீர், அது ஊற்றாகவும் இருக்கலாம், சிற்றோடையாகவும் இருக்கலாம். தமிழில் ஊற்றுக்கு ஒரு சொல்லும் கிணற்றுக்கு வேறொரு சொல்லும் இருக்கும்போது நாம் ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? நம்மிடமே ஊத்துமலை, ஊத்துக்குளி, ஊத்தங்கரை, ஊத்துக்கோட்டை என்று ஊர்கள் இருக்கின்றன. தண்ணீர் இருக்கிற இடத்தில் ஆள் குடியேறுவதும், அந்தத் தண்ணீரின் பெயரே ஊருக்கு ஆகிவிடுவதும் எந்த நாட்டிலும் நடப்பதுதான். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த மேக்ஸ்வெல் என்ற பெயரின் கடைசியில் வருவதும் இதே ‘வெல்’தான்: மாக்கஸ் என்பவனுக்கு உரிய நீர்நிலை, ஸ்காட்லாந்தில் ட்வீட் ஆற்றில் இருக்கிறது. கிராம்வெல் என்றால் வளைந்த ஓடை.

இப்படிக் குளிர்ந்த ஊற்றின் பெயர் கொண்ட ஊர் ஒன்றே ஒன்று இருந்தது என்றும் நினைக்கக் கூடாது. இங்கிலாந்தில் டார்பிஷயரில் ஒரு கால்டுவெல் இருக்கிறது, 1086ஆம் ஆண்டு வில்லியம் மன்னன் எடுத்த நிலக் கணக்கிலேயே அது இடம்பெற்றுவிட்டது. வட யார்க்‌ஷயரில் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் ரென்ஃப்ரூ, ஏர் என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லையில் கால்டுவெல் என்ற பெரிய நிலப்பகுதி இருந்தது, அது பெண்வழியாக மியூர் குடும்பத்துக்குப் போய், அவர்கள் ‘கால்டுவெல் மியூர்’ என்றே அறியப்பட்டார்கள். இந்த ஊர்களிலிருந்து பிழைக்கப் போனவர்களைப் போன இடத்தில் ‘கால்டுவெல்காரர்’ என்று கூப்பிட்டிருப்பார்கள், நம் ஊரில் ‘தஞ்சாவூர்க்காரர்’ என்று சொல்வதைப் போல. வித்தியாசம் என்னவென்றால் அங்கே அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி நிலைத்துவிட்டது. ஆகவே உலகத்தில் உள்ள கால்டுவெல்கள் எல்லாம் ஒரே தாத்தாவின் வாரிசுகள் அல்லர். அமெரிக்காவில் சில கால்டுவெல் குடும்பங்கள், மத்தியதரைக் கடலில் கப்பலோட்டிய மூன்று சகோதரர்கள் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கி ஒரு குளிர்ந்த ஊற்றருகே குடியேறினார்கள் என்று கதை சொல்வதுண்டு. நம் ஊர்க் குலதெய்வக் கதைகளில் வரும் அண்ணன் தம்பிகளைப் போல அழகான கதைதான், ஆனால் ஆளுக்கு முன்னால் ஊர் இருந்தது என்பதை மறந்துவிட்ட கதை.

இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, நாற்பது வருஷத்துக்குப் பக்கமாகத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘குளிர்ந்த’ என்ற இந்தச் சொல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல ஒலிக்கவில்லை. நடுப்பகுதியிலும் வடக்கிலும் ககர ஒலி அப்படியே நின்றது, கால்டுவெல் வந்தது. தெற்கே ககரத்துக்குப் பின்னால் வந்த உயிர் நாக்கின் முன்பக்கம் நகர்ந்துவிட்டதால் ககரமே சகரமாகி ‘ச்சால்ட்’ ஆனது, அங்கே அதே குளிர்ந்த ஊற்று சாட்வெல் ஆகிவிட்டது. லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சாட்வெல் ஹீத் அப்படி வந்த பெயர். புனித சாட் என்ற துறவியின் கிணறு என்று அதற்கும் கதை கட்டினார்கள், நீங்கள் போட்ட குறிப்பைப் போலவே. இன்றைய ஆங்கிலத்தில் குளிரைக் குறிக்கும் ‘கோல்ட்’, ‘சில்’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்த அக்கா தங்கைகள், ஒன்றில் ககரம் நின்றது, மற்றதில் சகரமானது. இப்போது நம் பக்கம் பாருங்கள். கன்னடத்தில் காது ‘கிவி’, தமிழில் ‘செவி’. கன்னடத்தில் ‘கெய்’, தமிழில் ‘செய்’. இகர, எகரத்துக்கு முன்னால் நின்ற ககரம் தமிழில் சகரமானது. இரண்டு பக்கமும் நடந்தது ஒரே மாற்றம்! இதைப் போன்ற ஒலி உறவுகளை வரிசையாக அடுக்கி, தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நிறுவியதுதான் கால்டுவெல் செய்த காரியம். அப்படிப்பட்டவருடைய பெயருக்கு, காதில் விழுகிற ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ‘கால்டு என்றால் அழைக்கப்பட்ட’ என்று பொருள் சொல்கிறோமே, அவர் பாடுபட்டு விலக்கிய முறை அதுதானே?

பெயர் அயர்லாந்துக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 1600களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் நிலங்களைப் பிடுங்கி ஸ்காட்லாந்துக்காரர்களையும் ஆங்கிலேயரையும் குடியேற்றியது. அதோடு கால்டுவெல்களும் போனார்கள், ஃபெர்மனா மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரையில் கால்டுவெல் கோட்டை என்றே ஒன்று இன்றும் இடிந்து கிடக்கிறது. அப்புறம் அங்கே இன்னொன்றும் நடந்தது. ஹோரிஷ் என்ற அசல் ஐரிஷ் குடும்பங்களில் சிலர், தங்கள் பெயரில் ‘குளிர்ந்த தண்ணீர்’ ஒளிந்திருப்பதாக எண்ணி, ஆங்கிலத்தில் அதற்கு ஈடாகக் கால்டுவெல் என்று வைத்துக்கொண்டார்கள். ஐரிஷ் மொழியில் ‘இஷ்கே’ என்றால் தண்ணீர், விஸ்கி என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். காதில் விழுந்ததை வைத்து மொழிபெயர்த்து வந்த பெயர் அது. நமக்கு இது புதிதா என்ன? முதுகுன்றம் விருத்தாசலமானது. மறைக்காடு வேதாரண்யமானது, அது முதலில் மரைகள், அதாவது மான்கள், திரிந்த மரைக்காடாக இருந்தது, ‘மறை’ என்று தவறாகக் கேட்டு வேதமாக்கிவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

நம் கால்டுவெல் 1814 மே 7 அன்று அல்ஸ்டரின் அன்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்ற சிற்றூரில் பிறந்தவர், பெற்றோர் ஏழை ஸ்காட்லாந்துக்காரர்கள், சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கிளாஸ்கோ திரும்பியது. ரென்ஃப்ரூ கால்டுவெல் கிளாஸ்கோவுக்குப் பக்கம்தான். அவருடைய முன்னோர் அந்தக் குளிர்ந்த ஊற்றின் கரையிலிருந்து கிளம்பியவர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கி, பின்னர் தெற்கு நோக்கி நடந்தே வந்து, 1841இல் இடையன்குடி சேர்ந்தார். அந்த ஊர் இருக்கும் தேரிக்காட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது சிவப்பு மணலும் உடைமரமும் பனையும்தான், கோடையில் காற்று அடித்தால் மணல் கண்ணைத் திறக்க விடாது. குளிர்ந்த ஊற்று என்று பெயர் கொண்ட மனிதர் வந்து அரை நூற்றாண்டு வாழ்ந்து, அந்த மண்ணிலேயே அடக்கமும் ஆனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். இன்னொன்றும் சொல்லலாம். வடமொழியில் வழங்கும் ‘நீர’ என்ற சொல் திராவிட மொழிகளிலிருந்து அங்கே போனது என்று தன் ஒப்பிலக்கணத்தில் பட்டியல் போட்டுச் சொன்னவர் அவர்.

இன்று இந்தப் பெயர் எங்கே அதிகம் என்று கேட்டால், பிறந்த நாட்டில் அல்ல, அமெரிக்காவில். 1700களில் அல்ஸ்டர் ஸ்காட்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியபோது பெயரும் போனது. வட கரோலினா, கென்டக்கி, டெக்சஸ், மிசௌரி மாநிலங்களில் கால்டுவெல் என்ற பெயரிலேயே மாவட்டங்கள் உண்டு, ஐடஹோவிலும் நியூ ஜெர்சியிலும் ஊர்கள் உண்டு. அந்த நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கால்டுவெல் கால்ஹூனுக்கு அது அம்மா வீட்டுப் பெயர். அடிமை முறை இருந்த மாநிலங்களில் பண்ணை முதலாளிகளின் பெயரைக் கறுப்பின மக்கள் சுமக்க நேர்ந்ததால், அமெரிக்கக் கால்டுவெல்களில் அவர்களும் ஏராளம், அந்த வரலாற்றை மறைத்துவிட்டுப் பெயரின் பெருமையை மட்டும் பேசுவது சரியல்ல. அங்கே கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார், கென்டேவியஸ் கால்டுவெல்-போப், 2020இலும் 2023இலும் கோப்பை வென்ற அணிகளில் ஆடியவர். கால்டுவெல்லும் போப்பும் ஒரே ஆளின் பெயரில்! என் பழைய மாணவன் ஒருவன் இதை அனுப்பியபோது, திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு.போப்பை நினைத்துக்கொண்டேன். வானத்திலும் இந்தப் பெயர் உண்டு. பேட்ரிக் மூர் என்ற ஆங்கிலேய வானியலாளரின் முழுக் குடும்பப் பெயர் கால்டுவெல்-மூர். 1995இல் அவர் 109 விண்மீன் கூட்டங்களையும் ஒளிமுகில்களையும் பட்டியலிட்டபோது, மூரின் ஆங்கில முதலெழுத்தான ‘எம்’மை மெஸ்ஸியே என்ற பழைய பிரெஞ்சு வானியலாளரின் பட்டியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததால், கால்டுவெல் என்பதையே வைத்தார். சித்திரை, வைகாசி இரவுகளில் நம் தென்கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கூட்டம் அந்தப் பட்டியலில் 80ஆவது.

ஆனால் இந்தப் பெயர் நம் தெற்குச் சீமையில் குடும்பப் பெயர் என்ற நிலையை விட்டு ஆளின் சொந்தப் பெயராகவே மாறியது. நெல்லை, தூத்துக்குடி பக்கம் கால்டுவெல் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், போப், சார்ஜென்ட், ரேனியஸ் என்று மற்ற மிஷனரிகளின் பெயரையும் வைப்பார்கள். ஊருக்கும் வைத்திருக்கிறோம்: சாயர்புரம் என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் சாயர் என்ற வணிகரின் குடும்பப் பெயருக்கு மரம் அறுப்பவர் என்று பொருள். ஆங்கிலேயர் வாயில் ‘கோல்ட்வெல்’ என்று ஒலிக்கும் பெயரை நாம் எழுத்தைப் பார்த்துக் ‘கால்’ என்று தொடங்கினோம், ‘ல்ட்வ்’ என்று மெய்கள் அடுக்கி வருவது தமிழுக்கு ஆகாது என்பதால் நடுவில் ஓர் உகரம் கொடுத்து நம்மவராக்கிக்கொண்டோம். அந்த உகரம்தான் இப்போது ‘அழைக்கப்பட்ட’ என்று தவறாகப் படிக்க வழி செய்கிறது.

என் வகுப்பில் கால்டுவெல் என்று ஒரு பையன் இருந்தான். ஆறாம் வகுப்பு. “டீச்சர், எல்லார் பேருக்கும் அர்த்தம் சொல்றீங்க, என் பேருக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டான். அன்றைக்கு எனக்குத் தெரியாது. “அது பெரிய அறிஞர் பேருடா” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவன் கேட்டது அறிஞரைப் பற்றி அல்ல, பொருளைப் பற்றி. பிறகு நான் தேடிப் படித்து, அவன் ஒன்பதாம் வகுப்பு வந்தபோது கூப்பிட்டு, “உன் பேருக்குக் குளிர்ந்த ஊற்று என்று பொருள்” என்று சொன்னேன். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் நாளிதழை எங்கள் ஊர் நூலகத்தில் தினமும் ஐம்பது பேராவது படிக்கிறார்கள், பிள்ளைகளும் படிக்கிறார்கள். வருகிற ஞாயிறு அதே இணைப்பில், அதே மாதிரிக் கட்டம் கட்டி, கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திசையன்விளை