கோட்டைக் கதவு திறக்கும் நாளில் பேருந்தும் ஓடட்டும்

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள நாட்டுப்புறக் கோட்டைகளுக்கும் பூங்காக்களுக்கும் கிராமப் பேருந்துகளுக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்டையின் கதவு பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாளில், பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து அதன் வாசல்வரை ஒரு பேருந்து போய்வர வேண்டும். அவ்வளவுதான்.

பின்னணியை நான் விவரிக்கத் தேவையில்லை. 2024 ஜனவரியில் பேருந்துத் தடங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது எந்தெந்தக் கிராமங்கள் தங்கள் நிறுத்தத்தை இழந்தன, அவற்றுக்குப் பதிலாக முன்பதிவு செய்தால் மட்டும் வரும் சிறு பேருந்து எங்கெங்கே வந்தது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஓய்டொங்க் போல, இன்றும் குடும்பங்கள் வசிக்கும் கோட்டைகள் பருவகாலத்தில் பெரும்பாலும் ஞாயிறு மதியம்தான் உள்ளே விடுகின்றன என்பதும் தெரியும். கிராமப் பேருந்துகள் மிகக் குறைவாக ஓடும் நாளும் அதே ஞாயிறுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லையா என்பதே என் கேள்வி.

இந்த மடலை எழுத வைத்தது சென்ற கோடையில் நடந்த ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயது தாண்டிய ஓர் அம்மா தனியாக வாழ்கிறார். கணவர் போன பிறகு கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அவருடைய அப்பா ஒரு கோட்டைப் பூங்காவில் தோட்டக்காரராக இருந்தவர். எல்லைவேலி வெட்டுவது, பழமரங்களைச் சுவரோடு படர்த்திக் கட்டுவது, குளிர்காலத்தில் அகழியிலிருந்து பனிக்கட்டி அறுத்த காலத்துக் கதைகள், இதெல்லாம் நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஒருமுறை அந்தப் பூங்காவை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்களிடமும் கார் இல்லை. சரி, பேருந்தில் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். எந்தக் கோட்டை என்று எழுதவில்லை. தவறு அந்தக் கோட்டையுடையது அல்ல, அங்கிருந்தவர்கள் அவரை அவ்வளவு அன்பாக வரவேற்றார்கள்.

போவதற்கு, முன்பதிவு செய்த சிறு பேருந்து வந்தது. இரண்டு மணிக்குக் கதவு திறந்தார்கள். அவர் தம் அப்பா நட்டதாகச் சொன்ன பீச் (beech) மரச்சாலையில் கைத்தடியோடு மெதுவாக நடந்தார். ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்றார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக நான் உங்களுக்கு நன்றியே சொல்ல வேண்டும். ஆனால் திரும்பி வருவதற்கு வண்டி இல்லை. காலையில் பதிவு செய்யப் பார்த்தபோது "பிறகு முயலவும்" என்று வந்தது. மதியம் தொலைபேசியில் அழைத்தால், அன்று மாலை வரை எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்றார்கள். பழைய நிறுத்தம் பூங்கா வாசலிலேயே இருந்தது. கம்பம்கூட அப்படியே நிற்கிறது, அட்டவணையை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

அதனால் நடந்தோம். ஊருக்கு வெளியே இருக்கும் சாலை அது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சோள வயல். நடைபாதை இல்லை. எழுபது கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலை. ஒவ்வொரு கார் கடக்கும்போதும் அந்த அம்மா புல்லில் இறங்கி நின்று, கார் போனதும் என் கையைப் பிடித்து மேலே ஏறினார். மழையும் பிடித்துக்கொண்டது. கடைசியில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி வண்டியை நிறுத்தி நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வண்டிக்குள் அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். இருக்கையை நனைத்துவிட்டாராம். தான் பிறந்து வளர்ந்த மண்ணில், தன் அப்பா உழைத்த பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு மூத்த பெண் ஏன் அந்நியரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? இனி வரமாட்டேன், உனக்குத்தான் வீண் சிரமம் என்றார். வீட்டுக்கு வந்தும் என் கோபம் அடங்கவில்லை.

உங்களுக்கு இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். 1971 மார்ச்சில் தீயில் எரிந்துபோன அல்டன் பீசன் கோட்டையை அதே ஆண்டில் அரசு வாங்கி, மீண்டும் எழுப்பியது. ஓவியர் ரூபன்ஸ் 1635-இல் வாங்கி, தம் கடைசிக் காலத்தைக் கழித்த எலெவெய்ட் கோட்டையை 2019-இல் பொதுப்பணத்தில் வாங்கினீர்கள். காஸ்பேக் கோட்டை இன்னும் பழைய கதை. ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் 1568-இல் தலை வெட்டப்பட்ட எக்மோண்ட் பிரபுவின் கோட்டை அது. பிற்காலத்தில் அதற்கு உரிமையாளரான சீமாட்டி, கோட்டையையும் கலைப்பொருள்களையும் பூங்காவையும் 1921-இல் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். ஒரு வீட்டை மக்களுக்குக் கொடுப்பது என்றால் காரில் வரும் மக்களுக்கு மட்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

லோப்பெம் கோட்டையையும் நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போர் முடிந்த 1918 நவம்பரில் மன்னர் முதலாம் ஆல்பர்ட் அங்கேதான் தங்கியிருந்தார். அங்கே நடந்த பேச்சுகளுக்குப் பிறகுதான் பெல்ஜியத்தில் ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு என்றானது. அதுவரை சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்குக் கூடுதல் வாக்குகள் இருந்தன. பெண்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது, அது தனி வருத்தம். ஆனாலும், இருப்பவனுக்கு அதிகம் என்ற கணக்கு தவறு என்று அந்த வீட்டில்தான் ஒப்புக்கொண்டார்கள். அதே நாட்டில் இன்று, கார் இருந்தால் கோட்டை உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை வரலாமா?

முடியாத எதையும் நான் கேட்கவில்லை. நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். மைசேயில், மெக்சிகோவின் பேரரசியாக இருந்த சார்லோட் 1879 முதல் 1927-இல் இறக்கும்வரை வாழ்ந்த கோட்டை, இன்று 92 ஹெக்டேர் தாவரவியல் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் வடக்கு நிலையத்தில் பேருந்து ஏறினால் அதன் பக்கத்திலேயே இறங்கலாம். பேர்செல் கோட்டைக்கு ரயிலில் இறங்கிச் சற்று நடந்தால் போதும். ஹாலர்போஸ் காட்டில் வசந்தத்தில் நீலப் பூக்கள் விரிக்கும்போது, வார இறுதிகளில் ஹாலே நிலையத்திலிருந்து தனிப் பேருந்தே விடப்படுகிறது. சில வாரமே நிற்கும் பூவுக்கு முடிகிறது. நூற்றாண்டுகளாக நிற்கும் கோட்டைக்கு ஏன் முடியாது? கடற்கரை நெடுகிலும் 67 கிலோமீட்டர் டிராம் ஓட்டும் நாடு இது. நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வெய்னெண்டாலே கோட்டைக்கு ஞாயிறு மதியம் ஒரு வண்டி என்பது பெரிய காரியமா?

சைக்கிளில் வரலாமே என்று சொல்வீர்கள். 1995-இல் லிம்பர்க்கில் தொடங்கிய எண்ணிட்ட சைக்கிள் தடங்கள் அருமையானவை, நானும் அவற்றில் போகிறேன். ஆனால் எண்பது வயதில் மூட்டுவலியோடு இருப்பவருக்கு அது பதில் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இல்லை.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. ஒரு கோட்டையின் தகவல் பக்கத்தைத் திறந்தால் எந்த நெடுஞ்சாலையில் வந்து எந்த வெளிவழியில் திரும்ப வேண்டும் என்பதுதான் முதலில் இருக்கிறது. வண்டி நிறுத்த எத்தனை இடம் என்று இருக்கிறது. பேருந்து பற்றிய வரி கடைசியில், பல இடங்களில் நின்றுபோன தடத்தின் எண்ணோடு! சுற்றுச்சூழலைப் பற்றி நாம் எல்லாரும் பேசுகிறோம். பழைய மரங்களைக் காக்கப் பணம் செலவிடுகிறோம். பிறகு அந்த மரங்களைப் பார்க்க ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரில்தான் வர வேண்டும் என்றால் என்ன நியாயம்?

இந்த மடலை டச்சு மொழியில் உங்களுக்கு அனுப்பியதோடு தமிழிலும் வெளியிடக் காரணம் உண்டு. லூவனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் படிக்கவும் வேலைக்கும் வந்த தமிழர்கள் பலர் கார் இல்லாமல்தான் வாழ்கிறார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா மூன்று மாத விசாவில் வந்தால் பிரஸ்ஸல்ஸ் சதுக்கம், புரூஜ் கால்வாய் என்று ரயில் போகும் இடங்களோடு நின்றுவிடுகிறார்கள். அகழி நீரில் கோபுரம் தெரியும் அந்த நாட்டுப்புறத்தை அவர்கள் பார்க்காமலே திரும்புகிறார்கள். அவர்களும் இதைக் கேட்க வேண்டும், உங்களுக்கு எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாக் கோட்டைக்கும் வண்டி விடச் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும், ரயில் வரும் நேரத்தை ஒட்டி ஒரு வண்டி என்று தொடங்கலாம். கோட்டை மூடிய பிறகு திரும்பி வர ஒரு வண்டி நிச்சயம் இருக்க வேண்டும். முன்பதிவில் இடம் கிடைத்தால் பார்க்கலாம் என்பது போதாது. செப்டம்பர் இரண்டாம் வார இறுதியில், பழைய கட்டடங்களை மக்களுக்குத் திறந்துவிடும் திறந்த நினைவுச்சின்ன நாளிலாவது முதலில் செய்து பாருங்கள். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கதவு திறந்திருக்கும் நாளில் வாசலுக்குப் பேருந்து. அடுத்த பருவம் தொடங்கும் ஏப்ரலுக்குள் இதற்கான அட்டவணையை வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கோட்டைகளிலிருந்து தொடங்குவீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
லூவனில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்