வாரண்டியில் வட்டு மாற்றிய மடிக்கணினி: விண்டோஸ் நிறுவலைப் பற்றிய புகார்

அனுப்புநர்
வரி ஆலோசனை அலுவலகம் நடத்தும் வாடிக்கையாளர்,
ஈரோடு.
(முழு முகவரியும் கணினியின் வரிசை எண்ணும் இணைப்பில் உள்ளன.)

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: வாரண்டியில் எஸ்.எஸ்.டி. (சேமிப்பு வட்டு) மாற்றித் தரப்பட்ட மடிக்கணினியில் விண்டோஸ் 11 நிறுவ இயலாமற்போனது, அதற்குத் தவறான காரணம் கூறிக் கட்டணம் பெற்றது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் அலுவலகப் பணிக்காகத் தங்கள் நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். 12-ஆம் தலைமுறை இன்டெல் கோர் செயலியும் 512 ஜி.பி. என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யும் கொண்ட அந்தக் கணினி, விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புடன் விற்கப்பட்டது. வாரண்டிக் காலத்துக்குள்ளேயே எஸ்.எஸ்.டி. செயலிழந்தது. தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் கட்டணம் வாங்காமல் புதியதை மாற்றிக் கொடுத்தது. அந்த அளவில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

புதிய எஸ்.எஸ்.டி. வெறுமையாக வந்தது. விண்டோஸும், அதை மீட்டெடுக்கத் தாங்கள் அமைத்திருந்த மீட்புப் பகுதியும் பழைய வட்டோடு போய்விட்டன. இயங்குதளத்தோடு விற்ற பொருளைப் பழுது நீக்கித் தரும்போது இயங்குதளம் இல்லாமல் தருவது முறைதானா என்று கேட்டேன். வாரண்டி வன்பொருளுக்கு மட்டும்தான், மென்பொருள் வாடிக்கையாளரின் பொறுப்பு என்று பதில் வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை என்றாலும் வாதாட நேரம் இல்லை. மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கில் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தையும், 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தையும் தாக்கல் செய்தாக வேண்டும். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் என் கணினி படுத்துவிட்டிருந்தது. எனவே மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு ஒரு பென்டிரைவைத் தயார் செய்து, நானே விண்டோஸை நிறுவத் தொடங்கினேன்.

விண்டோஸை எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரை காலியாக இருந்தது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, சேமிப்பகத்துக்கான டிரைவர் இருந்தால் ஏற்றவும் என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டுமே தெரிந்தது. (டிரைவர் என்பது ஒரு வன்பொருளை இயங்குதளம் பயன்படுத்த உதவும் சிறு மென்பொருள்.) ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்ற வட்டு மேலாண்மைக் கருவியில் வட்டுகளின் பட்டியலைக் கேட்டால் பென்டிரைவ் ஒன்றுதான் வந்தது. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸின் திரையிலோ அதே எஸ்.எஸ்.டி.யின் பெயரும் கொள்ளளவும் தெளிவாக இருந்தன. கணினிக்குத் தெரிகிற வட்டு விண்டோஸ் நிறுவல் நிரலுக்கு மட்டும் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. தங்கள் உதவி மையத்தை அழைத்தபோது இதை இதே சொற்களில்தான் சொன்னேன்.

அழைப்பை எடுத்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். முதலில் பென்டிரைவ் சரியாகத் தயாரிக்கப்படவில்லை என்றார். அதே பென்டிரைவை அலுவலகத்தில் உள்ள வேறொரு கணினியில் செருகினால் அதன் வட்டு உடனே பட்டியலில் வருகிறது என்று சொன்னேன். அப்படியானால் புதிய எஸ்.எஸ்.டி.யும் பழுதாக இருக்கலாம் என்றார். பயாஸில் தெரிகிறதே என்றதற்கு, மதர்போர்டில் கோளாறு இருக்கக்கூடும், சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பாருங்கள் என்று முடித்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் எழுதியிருப்பதைத்தான் அவர் படிக்க முடியும். அந்தத் திரையில் சரியான விடையை எழுதி வைக்காதவர்கள் மேல்தான் என் புகார்.

சர்வீஸ் சென்டர் கணினியை வாங்கி வைத்துக்கொண்டு, வன்பொருளில் குறை எதுவும் இல்லை என்று சொன்னது. அது உண்மை. ஆனால் வேலைச் சீட்டில் ‘வாடிக்கையாளரின் தவறான நிறுவல் முயற்சியால் ஏற்பட்ட பிரச்சினை’ என்று எழுதி, பரிசோதனைக் கட்டணமாக 1,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யுமாக 1,180 ரூபாய் பெற்றுக்கொண்டார்கள். வட்டு ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட அந்தச் சீட்டில் இல்லை. அத்துடன், பழைய வட்டோடு விண்டோஸ் உரிமமும் போய்விட்டதாகவும், புதிய உரிமம் வாங்கினால் தாங்களே நிறுவித் தருவதாகவும் சொல்லித் தனி மதிப்பீடு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நான் அதற்கு ஒப்புக்கொள்ளாமல் கணினியைத் திரும்ப எடுத்துவந்தேன்.

லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு 24.04 இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்தபோது, 512 ஜி.பி. வட்டு முழுமையாகத் தெரிந்தது. அதன் உடல்நிலைப் பரிசோதனையிலும் பழுது எதுவும் பதிவாகவில்லை. வட்டு, மதர்போர்டு, பென்டிரைவ் மூன்றின் மேலும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்ட குற்றங்கள் அத்துடன் விழுந்தன. மிஞ்சியது, தங்கள் கணினியில் ஆலையிலேயே இயக்கி அனுப்பப்பட்ட இன்டெல் வி.எம்.டி. (வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்) என்ற அமைப்பு.

இது என்ன என்பதைத் தங்கள் பொறியாளர்கள் நன்றாக அறிவார்கள். எனினும் தங்கள் வாடிக்கையாளர் பிரிவு அறியாதது போலத் தெரிவதால் எழுதுகிறேன். 2017-இல் ஜியான் ஸ்கேலபிள் சர்வர் செயலிகளோடு இன்டெல் கொண்டுவந்த வசதி இது. பல என்.வி.எம்.இ. வட்டுகளை ஒரே கட்டுப்பாட்டகத்தின் கீழ் வைத்து ரெய்டு முறையில் இணைக்கவும், சர்வரை நிறுத்தாமலேயே வட்டைக் கழற்றி மாட்டவும் அது உதவும். 2020-இல் வெளிவந்த 11-ஆம் தலைமுறை கோர் செயலிகளிலிருந்து மடிக்கணினிகளிலும் இடம்பெறத் தொடங்கியது. இந்த அமைப்பு இயங்கும்போது எஸ்.எஸ்.டி. நேரடியாக இயங்குதளத்தின் கண்ணில் படுவதில்லை, வி.எம்.டி. கட்டுப்பாட்டகத்தின் பின்னால் மறைந்து நிற்கும். அதற்குரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவர் கையில் இல்லாத இயங்குதளத்துக்கு அங்கே வட்டே இல்லை. மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான நிறுவல் தொகுப்பில் அந்த டிரைவர் இருக்கவில்லை. உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலிலோ அது சேர்ந்தே வருகிறது. அதனால்தான் அங்கே வட்டு தெரிந்தது. ஒரே ஒரு எஸ்.எஸ்.டி.க்கு மட்டுமே இடம் வைத்துத் தாங்கள் வடிவமைத்த கணினியில் ரெய்டுக்கான அமைப்பு எதற்காக இயக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

இயக்கி வைத்தது தங்கள் விருப்பம் என்றே கொள்வோம். அதை அணைத்துக்கொள்ளும் வழியையாவது விட்டுவைத்திருக்கலாம். வெறுமையான புதிய வட்டில் வி.எம்.டி.யை அணைத்துவிட்டு நிறுவினால், விண்டோஸ் தன்னிடம் உள்ள பொதுவான என்.வி.எம்.இ. டிரைவரைக் கொண்டே வேலையை முடித்துவிடும். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் திடீரென்று அணைத்தால் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத் திரை வந்து நின்றுவிடும் என்பதால், எச்சரிக்கையோடு அந்தத் தேர்வைத் தரலாம். தங்கள் பயாஸில் அப்படி ஒரு தேர்வே கண்ணுக்குத் தெரியும்படி இல்லை.

அடுத்து, டிரைவர். தங்கள் தளத்தில் என் மாதிரிக்கான பக்கத்தில் அந்த டிரைவர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இ.எக்ஸ்.இ. கோப்பாக, விண்டோஸுக்குள் மட்டுமே இயங்கும் நிறுவல் நிரலாக உள்ளது. விண்டோஸ் நிறுவல் திரையில் உள்ள ‘லோடு டிரைவர்’ பொத்தானுக்குத் தேவைப்படுவதோ ஐ.என்.எஃப். கோப்பு உள்ள பிரித்தெடுத்த கோப்புறை. விண்டோஸை நிறுவத் தேவையான டிரைவரை, விண்டோஸ் நிறுவிய பிறகுதான் திறக்க முடியும் என்பது பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்திருப்பது போன்றது. வேறொரு கணினியில் வைத்துத் திறந்து பார்க்கலாம் என்றால், இந்த மென்பொருள் இக்கணினிக்குப் பொருந்தாது என்று சொல்லி நின்றுவிடுகிறது. கடைசியில் இன்டெல் தளத்தில் உள்ள பொதுவான தொகுப்பை இறக்கி, இன்டெல் கொடுத்துள்ள ‘எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்’ என்ற கட்டளையால் பிரித்து, அதில் வி.எம்.டி.க்குரிய கோப்புறையைப் பென்டிரைவில் வைத்து ஏற்றினேன். அடுத்த நொடியே வட்டு பட்டியலில் வந்தது. வேறு எதையும் நான் மாற்றவில்லை.

நிறுவல் முடிந்த பிறகு வை-ஃபை டிரைவரும் இல்லாமல், இணைய இணைப்பு கேட்கும் திரையில் கணினி நின்றது. இக்கணினியில் ஈதர்நெட் துளையும் இல்லை. கைப்பேசியின் இணையத்தை யூ.எஸ்.பி. கேபிள் வழியாகக் கொடுத்து அதைக் கடந்தேன்.

உரிமத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதும் முழுக்கத் தவறு. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே தயாரிப்பு நிறுவனங்கள் உரிம எண்ணை மதர்போர்டில் நிலையாக உள்ள மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பதித்து விற்கின்றன. மதர்போர்டு அதேதான், மாறியது வட்டு மட்டும். நிறுவும்போது உரிம எண்ணை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பைக் கணினியே தேர்ந்துகொண்டது. இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. ஏற்கெனவே நான் விலை கொடுத்து வாங்கி, இன்றும் என் கணினிக்குள் இருக்கும் உரிமத்தை மறுபடியும் வாங்கச் சொன்னது அறியாமையா, வேறு நோக்கமா என்பதைத் தாங்களே விசாரித்துக்கொள்ளலாம். எனக்குக் கொடுத்த மதிப்பீட்டைப் போல இன்னும் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்து விசாரித்தால் நல்லது. கணினியைப் பற்றி அதிகம் தெரியாதவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி மடிக்கணினி எடுத்தவர்கள், அந்தப் பணத்தைக் கட்டிவிட்டே வந்திருப்பார்கள்.

பொதுவான நிறுவல் தொகுப்புக்கு வட்டு தெரியாதபடி ஒரு கணினியை அமைத்து அனுப்பிவிட்டு, அதைக் கையேட்டிலும் சொல்லாமல், உதவி மையத்துக்கும் சொல்லித்தராமல், வெறுமையான வட்டைக் கையில் கொடுத்து மென்பொருள் உன் பொறுப்பு என்று அனுப்புவதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கூறும் சேவைக் குறைபாடு என்றே நான் கருதுகிறேன். அதன் விளைவை வாடிக்கையாளரின் தவறு என்று எழுதிக் கட்டணமும் வாங்கியது அதைவிட மோசமானது.

ஆகவே, என்னிடம் பெற்ற பரிசோதனைக் கட்டணம் 1,180 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வேலைச் சீட்டில் உள்ள ‘தவறான நிறுவல் முயற்சி’ என்ற குறிப்பை நீக்கி, வி.எம்.டி. டிரைவர் இல்லாததே காரணம் என்று திருத்திய சீட்டு வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாளை வாரண்டியில் வேறு பழுது வந்தால் அந்தக் குறிப்பையே காட்டி மறுப்பார்கள் என்பதால் இரண்டாவது கோரிக்கையைப் பணத்தைவிட முக்கியமாகக் கருதுகிறேன். மேலும், இந்த மாதிரிக்கான பக்கத்தில் பிரித்தெடுத்த சேமிப்பக டிரைவரையும் வை-ஃபை டிரைவரையும், அவற்றை நிறுவலின்போது ஏற்றும் முறையையும் வெளியிட வேண்டும். வாரண்டியில் வட்டு மாற்றும் ஒவ்வொருவருக்கும் இந்த டிரைவர்களையாவது ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது. உரிமம் பற்றித் தவறான தகவல் தந்து மதிப்பீடு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு சர்வீஸ் சென்டருக்கு எழுத்துமூலம் அறிவுறுத்தி, அதன் நகலை எனக்கும் அனுப்ப வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவிப்பதைப் பதிலாக ஏற்க இயலாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன். அதிலும் தீரவில்லை என்றால், வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க மேற்படிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடமளிப்பதால், ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
வாடிக்கையாளர்

இணைப்பு: விலைப்பட்டியல், வேலைச் சீட்டு, பரிசோதனைக் கட்டண ரசீது, உரிமத்துக்கான மதிப்பீடு, டிரைவரை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நிறுவல் திரையின் படங்கள்.