மாமா, திண்ணை அறைக்கு நான் வரவில்லை

மாமா,

அத்தை கேட்டதற்கு இத்தனை நாள் பதில் சொல்லாமல் இழுத்தடித்துவிட்டேன். முடிவு எடுத்தாகிவிட்டது. உங்கள் இடத்தில் உட்கார்ந்து ஜாதகம் பார்க்க நான் வரவில்லை. ஜோசியம் பார்க்கிற என் சீட்டுக்கட்டோடு இங்கேயே இருந்துகொள்கிறேன்.

போனில் சொன்னால் "சரி, வை" என்று முடித்துவிடுவீர்கள். இங்கே எழுதினால் சொந்தபந்தம் எல்லாம் படிக்கும், யாராவது உங்களுக்கு வாசித்தும் காட்டுவார்கள். யார் வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் சில பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். நிலத்தைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை, தேடுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தச் சீட்டுக்கட்டை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பொருத்தம் பார்க்க வந்தவர்கள் கூடம் நிறைய இருந்தார்கள். "கிளியை எங்கேம்மா விட்டுட்டு வந்தே?" என்றீர்கள். பெண் வீட்டுப் பெரியவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் கேட்டார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே எனக்கு லக்னம் கணிக்கச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், அதை அந்தக் கூடத்தில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, கிளியை மட்டும் சொன்னீர்கள். அப்புறம் இந்தச் சீட்டுக்கு மேஷம் மார்ச் 21-லேயே பிறந்துவிடுகிறதா, அப்போ சித்திரை ஒண்ணாம் தேதிக்கு என்ன வேலை என்று அடுத்த நக்கல். அவன் ராசிக்கட்டத்துக்கும் நம்முடையதுக்கும் நடுவில் விழுகிற இடைவெளிதான் அயனாம்சம், சுமார் 24 பாகை, வெள்ளைக்காரன் அதைக் கழிக்காமல் போடுகிறான், அவ்வளவுதான் விஷயம், அதுவும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சனி 2025 மார்ச் 29-ல் திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்களுக்கு மீனத்துக்குப் போய்விட்டார், வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களுக்கு 2026 மார்ச் வரை கும்பத்தைவிட்டு நகரவில்லை. திருநள்ளாறே வாக்கியத்தின் பக்கம் என்று நீங்கள் மார்தட்டினீர்கள். ஒரே கிரகம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இரண்டு வீட்டில் குடியிருந்ததைச் சகித்துக்கொண்டவருக்கு என் மேஷம் மட்டும் ஏன் உறுத்தியது?

நம் நவகிரகத்தில் இல்லாத யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ பற்றி நீங்கள் சொன்னதை எழுதவில்லை. அது உண்மையிலேயே நல்ல நகைச்சுவை, எனக்கே அன்று சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அத்தை விளக்கேற்ற உள்ளே போயிருந்தபோது, "அதைக் கொடு பார்ப்போம்" என்று கை நீட்டினீர்களே. அப்போது உங்களுக்குக் கொஞ்சம் பார்வை இருந்தது. டாரோ ஜோசியச் சீட்டு மாதிரி 78 என்கிற கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது, போடுகிறவர் இஷ்டம், என் கட்டில் கிரகம், ராசி, வீடு என்று மூன்று குவியல், எது, எப்படி, எங்கே என்று சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் காதில் வாங்கவில்லை. ரம்மிச் சீட்டைக் கலைக்கிற மாதிரி கலைத்தீர்கள், அட்டை பெரியது என்பதால் இரண்டு மூன்று நழுவி மடியில் விழுந்தன. சந்திரன் வந்தது. அடுத்து விருச்சிகம். அடுத்து நாலாம் வீடு.

நான் வாயே திறக்கவில்லை மாமா. கட்டோடு வந்த புத்தகத்தையும் திறக்கவில்லை. விருச்சிகத்தில் சந்திரன் வெள்ளைக்காரர்களுக்கும் நீசம்தான், பலம் இழந்த இடம்தான், நாலாம் வீடு அவர்களுக்கும் பிறந்த வீடு, பெற்றவர்கள் என்றுதான் போகும். சந்திரன் அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே "அம்மா" என்றீர்கள். அதன் பிறகு சொன்னது எதையும் இங்கே எழுத மாட்டேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஊராருக்கெல்லாம் நாலாம் இடத்தைப் பார்த்துச் சொன்ன மனுஷனிடம் உங்கள் நாலாம் இடம் எப்படி என்று ஒருத்தரும் கேட்டதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆமாம், அன்று நீங்கள் சொன்னதை என் அம்மாவிடம் சொன்னது நான்தான். அதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் உங்கள் தங்கை, போனது அவளைப் பெற்றவளும்தான், இத்தனை வருஷம் அவளிடம் மறைத்தது மட்டும் எந்த நியாயத்தில் சேர்த்தி? அவள் அன்று ராத்திரி அழுததை நீங்கள் பார்க்கவில்லை. அவள் உங்களுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன். தடுத்திருப்பேனா என்றும் தெரியவில்லை.

சரி, ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். காசு காரணம் இல்லை, அந்தப் பேச்சை யார் கிளப்பினார்கள் என்று தெரியும், விடுங்கள். ஜாதகத்தில் ஆயுள் ஸ்தானத்துக்கு வரும்போது உங்கள் பேனா ஒரு கணம் நிற்கும். எதிரில் இருப்பவர் கவனிக்க மாட்டார், பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு விளக்கு போடுங்க" என்று பேச்சை மாற்றுவீர்கள். அந்த முகம் எனக்கு வராது. கட்டத்தில் இருப்பதை நான் நம்புகிறேன், அதனால்தான் அதைப் பிறத்தியாருக்கு வாசிக்கப் பயம். சீட்டு அப்படி இல்லை. விசா வருமா, அவன் பேசுவானா என்று கேட்டு வருகிறார்கள், மூன்று அட்டையைப் பார்த்ததும் அவர்களே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், நடக்கப் போவது எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். கிளி ஜோசியம் என்றால் கிளி ஜோசியமாகவே இருக்கட்டும். பாவம், கிளியைக் கூண்டில் வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, அட்டைக்கு அந்தத் தொந்தரவும் கிடையாது.

வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அத்தை கேட்டார். நான் வரமாட்டேன் என்றே சொல்லச் சொல்லுங்கள், "யோசிக்கிறாள்" என்று இழுக்க வேண்டாம்.

பரண் மேல் இருக்கிற உங்கள் ஜாதகக் கணித நோட்டுகளை எடைக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். சிவப்பு மசியில் என் எழுத்தைத் திருத்திய நோட்டும் அதில்தான் இருக்கிறது. எல்லாம் எனக்கு வேண்டும். தனியாகக் கேட்டால் பேரனுக்கு என்று சொல்லித் தட்டிவிடுவீர்கள், அதனால்தான் எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.