உன் அறையில் விளக்கேற்ற வேண்டியவன் நீதான்

கண்ணா,

வெள்ளி மாலை தொடங்கும் நம் யூத ஓய்வுநாளான ஷபாத்துக்கு விளக்கை அம்மாவும் அக்காவும்தானே ஏற்றுவார்கள், திராட்சரசக் கிண்ணத்தோடு சொல்லும் கிதூஷ் ஆசீர்வாதத்தை மட்டும் நான் சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். போதாது. நம் வீட்டில் அம்மா நான் ஏற்றும்போது உனக்கும் சேர்த்தே ஏற்றினேன். லண்டனில் நீ தனியாக எடுத்திருக்கும் அறை உன் வீடு. அங்கே உனக்காக யாரும் ஏற்ற மாட்டார்கள்.

இதை நானாகச் சொல்லவில்லை. யோசேப் காரோவின் ஷுல்கான் ஆருக், 1565-இல் வெனிஸில் அச்சான சட்டநூல், ‘ஓராஹ் ஹயிம்’ பகுதியில் 263-ஆம் பிரிவு. வீட்டில் விளக்கு எரிய வேண்டிய கடமை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு என்கிறது அது. பெண்களுக்கு ஏன் கூடுதல் பொறுப்பு? அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், வீட்டு வேலையைப் பார்க்கிறார்கள். காரணம் அவ்வளவுதான். அதே பிரிவில் இன்னும் கொஞ்சம் தள்ளி உன்னைப் பற்றியே ஒரு விதி இருக்கிறது: படிப்பதற்காக வெளியூர் போயிருக்கும் இளைஞர்கள் தங்கள் அறையில் விளக்கேற்றி ஆசீர்வாதம் சொல்ல வேண்டும்.

பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இந்த விஷயம் வேறு முகத்தோடு வருகிறது. விளக்கு, ஹல்லா (மாவிலிருந்து பிரித்தெடுக்கும் பங்கு), மாதவிலக்கு விதிகள் மூன்றிலும் கவனமில்லாத பெண்கள் பிரசவத்தில் இறக்கிறார்கள் என்கிறது ஷபாத் பகுதியின் இரண்டாம் அத்தியாயம். அந்த வரி எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த மூன்றும் ‘பெண்களுடையவை’ என்று மனதில் பதிந்துபோனதில் அந்தப் பயத்துக்கும் பங்குண்டு. அடுத்த வரியில் ஆணுக்கான வேலை வருகிறது. இருட்டும் நேரத்தில் அவன் வீட்டில் மூன்று விஷயம் பேச வேண்டும். தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) பிரித்தாயிற்றா, ஷபாத்தில் பொருள் எடுத்துச்செல்ல வழிசெய்யும் எருவ் வைத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். விளக்கை ஏற்றுங்கள் என்று சொல்ல வேண்டும். உன் அறையில் சொல்பவனும் நீ, ஏற்றுபவனும் நீ.

இனி நேரம். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது ஏற்றுவது பெரும்பாலான ஊர்களின் வழக்கம். இங்கே ஜெருசலேமில் 40 நிமிடம். லண்டனில் டிசம்பர் நடுவில் சூரியன் சுமார் 3:50-க்கு மறைந்துவிடும், அதனால் 3:30-க்கெல்லாம் தீக்குச்சி உன் கையில் இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் இரவு 9 மணி ஆகும். குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மதியத்தோடு வேலையை முடித்துக்கொள்ள இப்போதே பேசி வை. அஸ்தமனம் கடந்துவிட்டால் ஏற்றவே கூடாது. ஷபாத்தில் நெருப்பு மூட்டத் தடை; தாமதமாகவாவது ஏற்றுவோம் என்று ஏற்றினால், விளக்குக்காக ஷபாத்தையே உடைத்ததாகிவிடும். ஒரு வாரம் மறந்த பெண் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு விளக்கு கூடுதலாக ஏற்ற வேண்டும் என்று மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி மரபில் ஒரு வழக்கம் உண்டு. மறந்த ஆணைப் பற்றி அங்கே பேச்சில்லை. நீ மறந்தால் நீயும் ஒன்று கூட்டிக்கொள். அது நியாயம் என்று நினைக்கிறேன்.

இரண்டு மெழுகுவத்தி. ஷபாத்தைப் பற்றி யாத்திராகமத்தில் ‘ஸாகோர்’, நினைவில் வை. உபாகமத்தில் ‘ஷாமோர்’, காத்துக்கொள். இரண்டு சொல்லுக்கு இரண்டு சுடர். சாப்பிடும் மேசையிலோ, அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்திலோ உலோகத் தட்டின் மேல் வை. முதலில் இரண்டையும் ஏற்று. தீக்குச்சியை ஊதாதே, தட்டில் போடு, தானே அணையட்டும். பிறகு இரு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘லெஹத்லிக் நேர் ஷெல் ஷபாத்’ என்று முடியும் ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டுக் கண் திற. கண்ணை மூடுவது சும்மா இல்லை. மற்ற ஆசீர்வாதங்களைச் செயலுக்கு முன்பே சொல்கிறோம். இங்கே முதலில் சொல்லிவிட்டால் ஷபாத் வந்துவிட்டதாகும், அதன்பின் நெருப்பைத் தொட முடியாது. அதனால் ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, திறக்கும்போது புதிதாக அந்த ஒளியைப் பார்க்கிறோம். அதன்பின் தட்டை நகர்த்தக் கூடாது. திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிறகு பதறுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

இன்னொரு தப்பு குளிர்காலத்துக்கே உரியது. கடையில் கிடைக்கும் சின்ன மெழுகு 3, 4 மணி நேரம்தான் எரியும். 3:30-க்கு ஏற்றி 8 மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் அணைந்த திரியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாய். அந்த வெளிச்சத்தின் பயன் கிடைத்தால்தான் ஆசீர்வாதத்துக்கு அர்த்தம். ஒன்று, 6 மணிக்குச் சாப்பிடு; இல்லையென்றால் நீண்ட மெழுகு வாங்கு. விடுதியில் நெருப்புக்குத் தடை என்றால், இழை எரியும் பழைய வகை பல்பு போட்ட பேட்டரி விளக்கைப் பல ரப்பிகள் (நம் மதகுருக்கள்) ஏற்கிறார்கள். அங்குள்ள ரப்பியிடம் கேட்டுக்கொள்.

ஷபாத் ரொட்டியை வியாழன் இரவே தொடங்கு. 500 கிராம் ரொட்டி மாவு, உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 50 கிராம், உப்பு 8 கிராம், எண்ணெய் 50 மில்லி, ஒரு முட்டை, வெதுவெதுப்பான தண்ணீர் 220 மில்லி. விரல் வைத்தால் சுடக் கூடாது. கொதிநீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். முட்டையைத் தனிக் கண்ணாடிக் கோப்பையில் உடைத்து இரத்தப் புள்ளி இல்லை என்று பார்த்த பிறகே சேர். பால், வெண்ணெய் வேண்டாம்; பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பதால் இறைச்சியோடு அந்த ரொட்டியைச் சாப்பிட முடியாமல் போகும். 10 நிமிடம் அழுத்திப் பிசை. ஒட்டுகிறதே என்று மாவை அள்ளி அள்ளிப் போட்டால் மறுநாள் கல். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டால் போதும். மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடு, இரவு முழுக்க மெதுவாக உப்பும்.

காலையில் எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வை. இரண்டு பாகமாக்கு. பாலைவனத்தில் நம் முன்னோருக்கு வெள்ளிக்கிழமை மன்னா எனும் உணவு இரட்டிப்பாகக் கிடைத்ததல்லவா, அதனால்தான் மேசையில் இரண்டு ரொட்டி. ஒவ்வொன்றையும் மூன்று கயிறாக உருட்டி, நடுவிலிருந்து பின்னத் தொடங்கி இரு முனைகளுக்கும் போ. சடைபோல இறுக்கிவிடாதே. இறுக்கினாலும், பின்னியபின் போதுமான அளவு உப்ப விடாவிட்டாலும், ஓவனில் பின்னலின் ஓரங்கள் கிழியும். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் பொறு. அடித்த முட்டை தடவி, எள்ளோ கசகசாவோ தூவி, 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். அடிப்பக்கத்தைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலிக்கும்.

ஹல்லா என்பது உண்மையில் ரொட்டியின் பெயர் அல்ல, மாவிலிருந்து பிரித்தெடுக்கும் பங்கின் பெயர். எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 500 கிராமுக்கு அந்தக் கடமை கிடையாது. நண்பர்களுக்கும் சேர்த்துப் பெரிதாகப் பிசையும்போது கவனி: சுமார் 1.2 கிலோ மாவிலிருந்து ஆசீர்வாதம் இல்லாமல், சுமார் 1.67 கிலோவிலிருந்து ஆசீர்வாதத்தோடு, ஒலிவக் காயளவு கிள்ளி ‘இது ஹல்லா’ என்று சொல்ல வேண்டும். தாளில் சுற்றி எரித்துவிடு. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ஓட்ஸ், ரை ஐந்துக்கும் இது உண்டு. அரிசி மாவுக்கு இல்லை. மறந்து சுட்டுவிட்டால் பயப்படாதே, சுட்ட ரொட்டியிலிருந்தும் பிரிக்கலாம். பிசைந்தது யார் கை என்று மாவு கேட்பதில்லை.

அக்கா அடுத்த மாதம் உன்னிடம் வருகிறாள். அன்று கிதூஷை அவளைச் சொல்லச் சொல். இது விருந்தோம்பல் இல்லை, சட்டம். நேரத்தோடு கட்டுண்ட பல கட்டளைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு, கிதூஷிலிருந்து இல்லை என்கிறது மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதின் பெராகோத் 20-ஆம் ஏடு. ‘ஷாமோர்’ யாருக்கோ ‘ஸாகோர்’ அவருக்கும் என்பது அதன் வாதம், நீ ஏற்றும் அதே இரண்டு சுடர்கள்தான். ஆண்களுக்காகவும் அவள் சொல்லலாம் என்று ஷுல்கான் ஆருக் 271-ஆம் பிரிவு சேர்த்துச் சொல்கிறது. கிண்ணம் நிறைந்திருக்கட்டும்; 86 மில்லிக்குக் குறையக் கூடாது. அதுவரை ரொட்டிகளைத் துணியால் மூடி வை. திராட்சரசத்துக்கு முதல் மரியாதை கிடைப்பதை ரொட்டி பார்த்து வெட்கப்படக் கூடாதாம். அந்த விளக்கம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

தனியாக இருக்கும் இரவுகளிலும் குணசாலியான பெண்ணைப் போற்றும் ‘எஷெத் ஹயில்’ பாடு. மனைவிக்குப் பாடுவதை மனைவி இல்லாமல் ஏன் என்று தோன்றும். நீதிமொழிகளின் அந்த 22 வரிகளை நிதானமாகப் படித்துப் பார்: அவள் நிலத்தைப் பார்த்து விலைபேசி வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள். நாளை உனக்கொரு மனைவி வரும்போது விளக்கையும் மாவையும் அவளிடம் கொடுத்துவிட்டு நீ மறந்துவிடாமல் இருக்க, இப்போதே அவற்றை உன் கை பழகட்டும்.

இங்கே நான் 4 மணிக்கு ஏற்றிவிடுவேன், உனக்கு அப்போது மதியம் 2 மணி. அதன்பின் நான் போனைத் தொட மாட்டேன், உனக்கு நினைவூட்டவும் முடியாது. அதனால் உன் நேரம் 1 மணிக்கு அழைக்கிறேன். தலையில் கை வைக்க முடியாவிட்டாலும், எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் உன்னை ஆக்கட்டும் என்று, வெள்ளியன்று மகனுக்குச் சொல்லும் ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட அரை நிமிடம் போதும். ரொட்டி அப்போது ஓவனில் இருக்க வேண்டும்.

அம்மா