பகல் 12 மணிக்கு பேஸ் கிட்டார் வாசித்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் பாடகர், குழுவின் பெயரை இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் மைக் இழுத்துப் பறித்துக்கொண்டது. வயதைப் பார்த்தால் தம்பி என்று கூப்பிடலாம் போலிருந்தது, அதனால் தம்பி. போன சனிக்கிழமை அந்த மைதானத்தில் உச்சி வெயிலில் முதல் குழுவாக மேடையேறி, இடது ஓரத்தில் நின்று பேஸ் வாசித்தீர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உங்களைக் கேட்க வரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசியாக வாசிக்கப்போகும் பெரிய குழுவுக்காகக் காலை பத்து மணிக்கே வந்து, மேடைக்கு முன்னாலிருக்கும் தடுப்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவன். இலவச விழாவில் அதுதானே வசதி, முன்வரிசைக்கென்று தனி டிக்கெட் கிடையாது, முந்தி வந்தவனுக்கு இடம். பதினோரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தேன், அந்தக் கணக்கில் நீங்கள் இல்லவே இல்லை. இவர்கள் சீக்கிரம் முடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

அவ்வளவு பெரிய மேடையில் உங்களுக்கு விட்டிருந்த இடத்தைப் பார்த்ததும்தான் கொஞ்சம் நிமிர்ந்தேன். பெரிய குழுவின் டிரம்ஸ் பின்னால் உயரமான பலகை மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் மிச்சமிருந்த துண்டு இடத்தில் நீங்கள் நான்கு பேர், உங்கள் காதுக்கு ஒரு முழம் தள்ளி டிரம்மரின் சிம்பல் தட்டு. முழு சவுண்ட் செக்கெல்லாம் கிடையாது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு மைக்கிலும் ஒரு ஹலோ, சத்தம் வருகிறதா, வருகிறது, சரி ஆரம்பியுங்கள். கீழே நாங்கள் முப்பது பேர் இருந்திருப்போமா? அதில் பாதிப் பேர் என்னைப் போல இடம் பிடிக்க வந்தவர்கள்.

இரண்டாவது பாட்டில்தான் அது நடந்தது. பேஸ் சத்தம் பட்டென்று நின்றுபோனது. தூரத்தில் இருந்தவர்களுக்கு ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றியிருக்கும், ஆனால் கம்பியருகே நிற்பவனுக்கு அப்படி இல்லை. அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் மேடையின் காலடியில்தான் அடுக்குகிறார்கள், அதாவது எங்கள் மூஞ்சிக்கு நேராக. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அந்த ஒலி அலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். காதைவிட நெஞ்சுக்கூட்டுக்குத்தான் அது முதலில் தெரியும். அது போனதும் யாரோ காலுக்கடியிலிருந்து பலகையை உருவிய மாதிரி இருந்தது.

ஒருவர் குனிந்தபடியே ஓடி வந்து உங்கள் காலருகே மண்டியிட்டு கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். டிரம்மர் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தவில்லை, அதுதான் நான் சொல்ல வந்தது. சத்தமே வராத கிட்டாரில், ஒரு சுரம் விடாமல், வலது கையின் இரண்டு விரல்களும் மாறி மாறி நடந்துகொண்டே இருந்தன. ஒரு நிமிடம் இருக்குமா, எனக்கு அதிகமாகத் தோன்றியது. நீங்கள் யாரையும் முறைக்கவில்லை, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பைக் கைகாட்டவும் இல்லை. புது கேபிள் மாட்டியதும் பாட்டின் நடுவில், இருக்க வேண்டிய அதே இடத்தில், வந்து இறங்கினீர்கள். என் பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்கி "ஓ" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இலவச விழாக் கூட்டம் கொஞ்சம் கொடூரமானது தம்பி. காசு கொடுத்தவன் பிடிக்காவிட்டாலும் கொடுத்த காசுக்காக நிற்பான். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, போர் அடித்தால் நிழலுக்குப் போய்விடுவோம். நீங்கள் தொடங்கும்போது முப்பது பேர், முடிக்கும்போது எப்படியும் இருநூறு பேர் இருந்தோம். அவர்களில் யாரையும் யாரும் பிடித்து வைக்கவில்லை.

1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெரிய ராக் குழு இலவசமாக வாசித்தார்கள். லட்சக்கணக்கில் வந்த கூட்டம் அவர்களுக்காக வந்ததுதான். அன்று முன்னால் வாசித்த குழுக்களில் கிங் கிரிம்சனும் ஒன்று, அவர்களுடைய முதல் ஆல்பம் அந்த அக்டோபரில்தான் வெளியானது. அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழா. அது டிக்கெட் விற்ற விழாதான், வேலியும் வாசலும் கட்டி முடிப்பதற்குள் ஜனம் உள்ளே வந்துவிட்டதால் இலவசமாகிப்போனது. மற்றவர்கள் வழியில் மாட்டிக்கொண்டதால் பாடகர் ரிச்சி ஹேவன்ஸை முதலில் மேடையேற்றினார்கள். பாட்டெல்லாம் தீர்ந்தும் இறங்க விடாததால் அங்கேயே ஒன்றை இட்டுக்கட்டிப் பாடினார். கடைசியாக வாசித்த கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு முறை வந்தபோது திங்கட்கிழமை காலை, கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பியாகிவிட்டது. கடைசி இடம்தான் ராஜ இடம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன், போன சனிக்கிழமை காலை வரை என்னையும் சேர்த்து.

சரி, என் கதைக்கு வருகிறேன். இடம் போய்விடுமே என்று தண்ணீர் குடிக்காமல் நின்றேன், முட்டாள்தனம். நாலு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற காவலர் ஒருவர் தண்ணீரை நீட்டி, போய் உட்காருப்பா என்றார். கூட்டத்தை எதிர்த்துப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் சாய்வாக நகர்ந்து வெளியே வந்தேன், அப்படித்தான் வர முடியும். ஆறு மணி நேரத்துத் தவம் அத்தோடு முடிந்தது.

எரிச்சலோடு மைதானத்தைச் சுற்றி, ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் கருவி வைத்திருக்கும் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். விழா முழுக்க சத்தம் நன்றாக இருந்த இடம் அதுதான். இருக்காதா பின்னே, சவுண்ட் என்ஜினியர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தானே எல்லாவற்றையும் சரிசெய்கிறார்! மேடை அறுபது மீட்டர் இருக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும், அதனால் டிரம்மரின் குச்சி விழுவதற்கும் அடி கேட்பதற்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம் இடைவெளி. ஒரு பாட்டு முழுக்க அதையே வேடிக்கை பார்த்தேன்.

அங்கேதான் உங்களைப் பார்த்தேன். பெரிய குழு தொடங்கப் போகிற நேரம். முதுகில் கிட்டார் பை, தனியாக. பஞ்சு இயர்பிளக்கை விரல்களுக்கு நடுவில் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தீர்கள். என் காதில் ஒன்றுமில்லை. 100 டெசிபலில் பதினைந்து நிமிடம் என்பதுதான் வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, நான் காலையிலிருந்து ஸ்பீக்கர் வாயிலேயே குடியிருந்தவன். இரண்டு நாள் காதில் வண்டு ரீங்காரம் போட்டது, இப்போது பரவாயில்லை.

பேசியிருக்கலாம். நாலடி தூரம்தான். ஆனால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய பேஸைத் தொடையில் விரலால் வாசித்துக்கொண்டிருந்தீர்கள், கலைக்க மனம் வரவில்லை. பெரிய குழு எப்படி வாசித்தது என்று கேட்டால், நன்றாகத்தான் வாசித்தது. பாதி நேரம் நான் உங்கள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மதியம் நான்காவது பாட்டு முடிந்ததும் ஓரத்திலிருந்து ஒருவர் கைகளைக் குறுக்கே ஆட்டி, நேரம் முடிந்தது என்றார். கேபிள் தின்ற நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை. நீங்கள் தரையில் ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியலைப் பிய்த்தெடுத்து, அதன் கடைசி வரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அந்த ஐந்தாவது பாட்டு எது? அடுத்து எங்கே வாசிக்கப் போகிறீர்கள்? குழுவின் பெயரையும் சொல்லுங்கள், மைக் இல்லாமல்.

இப்படிக்கு,
கம்பியருகே தொப்பி போட்டு நின்றவன்