டைம்டேபிள் கேட்டு வேலை வைத்தவர்களுக்கு

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், வடகடல் (பாக் விரிகுடா) கரையில் இருந்துகொண்டு ராமநாதபுரத்துக் கல்லூரிகளுக்குப் போய்வரும் பிள்ளைகள் சேர்ந்து எழுதும் மடல் இது. பாசிக்கார அக்காமார், நண்டு வலை மாமாமார், ஊற்றடி ஆத்தாமார், வயர்மேன் அண்ணன், இ-சேவை மையத்து அக்கா, கடைக்காரக் காக்கா (அண்ணன்) எல்லாருக்கும் வணக்கம், சலாம், தோத்திரம்.

பணம் தந்து உதவியவர்களுக்கு வீடு தேடி வந்து நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் நேரம் தந்தவர்களுக்கு. கடல் வேலை காற்றைப் பார்த்து நடக்கும், கல்லூரி மணியைப் பார்த்து நடக்கும். இரண்டையும் முடிச்சுப் போட்டது நீங்கள். புதிதாக முதலாமாண்டு சேரும் தம்பி தங்கைகளும் படிப்பார்கள் என்பதால் வேலைக் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறோம். தப்பிருந்தால் கரையில் வைத்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, மூங்கில் மிதவையில் கட்டிக் கடல்பாசி வளர்க்கும் பாசிக்கார அக்காமாருக்கு. ஒரு மிதவை 12 அடிக்கு 12 அடி. நாலு பக்கமும் மூங்கில், ஆட்டம் கொடுக்காமல் இருக்க நாலு மூலையிலும் 4 அடி மூங்கில் குறுக்கே. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப் பாசி. ஆக, 400 முடிச்சு, 60 கிலோ. 45 நாளில் அறுத்தால் சராசரியாக 260 கிலோ கிடைக்கும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு எடுத்துவைத்தால் மிச்சம் 200. காய்ந்தால் அது 20 கிலோதான்.

கணக்கு சுலபம், கை பழகத்தான் நாளாகும். புதுக்கை எப்போதும் இறுக்கிக் கட்டும். இறுகினால் தண்டு அறுபட்டு, அலை வந்ததும் பாசி ஒடிந்து போய்விடும். தொளதொளவென்று விட்டால் முழுசாக உருவிக்கொண்டு போகும். சுண்டுவிரல் நுழைகிற அளவு விட்டுக் கட்டு என்று ஒவ்வொரு கயிறாகப் பிரித்து மறுபடி கட்டவைத்தீர்களே, அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு கும்பிடு. விதையைக் குவித்து வெயிலில் போட்டால் நுனி வெளுத்துவிடும். ஈரச்சாக்கு போட்டு மூடி, கடல் தண்ணீர்தான் தெளிக்க வேண்டும், நல்ல தண்ணீர் ஆகாது. மிதவைக்கு அடியில் வலை கட்டாமல் இறக்கினால் ஓரா மீன் கொறித்துத் தள்ளிவிடும். சித்திரை வைகாசியில் காற்று விழுந்து தண்ணீர் சுடும்போது தண்டில் வெள்ளை விழுந்து, குழைந்து, தானாக ஒடியும். அதைக் கண்டால் யோசிக்காமல் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும், கடலில் வீசக் கூடாது. இடையிடையே கயிற்றை உதறிச் சேற்றையும் வேறு பாசியையும் போக்காவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். சனிக்கிழமை கட்டினால் 45ஆம் நாள் செவ்வாயில் விழும். அன்றைக்கு எங்களுக்கு வகுப்பு. நீங்கள் 43ஆம் நாள், ஞாயிறன்றே அறுத்தீர்கள். வளர்கிற பாசியில் இரண்டு நாள் என்றால் எத்தனை கிலோ என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் விட்டுக்கொடுத்தீர்கள். காயப்போடுவதிலும் அப்படியே. மணலில் போட்டால் மண் ஒட்டி விலை இறங்கும், வலை விரித்துத்தான் காயவைக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட ஆள் வேண்டும். திங்கள் செவ்வாய் புரட்டல் முழுக்க உங்கள் தலையில்தான். ஐப்பசியில் வாடை எழும்பினால் மிதவைகள் கரை ஏறிவிடும், நவம்பர் செமஸ்டரும் அப்போதுதான். எங்கள் படிப்புக்கு வாடைக்காற்றும் கொஞ்சம் உதவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நண்டு வலை மாமாமாருக்கு அடுத்து. விடியலில் வலை கரைக்கு வந்ததும் நண்டு கழற்ற உட்கார வேண்டும். நண்டை முன்பக்கமாகத் தொடவே கூடாது. பின்னால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கிற இரண்டு கால்களும் உடம்போடு சேருமிடத்தில் பிடித்தால் கொடுக்கு எட்டாது. எந்தக் கால் கடைசியாகச் சிக்கியதோ அதிலிருந்து கண்ணியை விலக்கிக்கொண்டே வரவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஒன்று வலை கிழியும், இல்லை கால் ஒடியும். கால் போன நண்டுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். ஓடு கழற்றிக் கொஞ்ச நாளே ஆன நண்டு கையில் அமுங்கும், உள்ளே சதை இருக்காது, வெறும் தண்ணீர். அதைத் தனியாக வைக்காவிட்டால் மொத்தக் கூடைக்கும் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். வயிற்று மடலுக்கு அடியில் முட்டைக் கொத்தோடு உயிராக வரும் சினை நண்டைக் கடலில் விட்டுவிடுவதே நல்லது. மாமாமார் எங்களை முதல் வலையில் உட்காரவைத்து, ஆறரை ஆனதும் “எந்திரி, பஸ்ஸு போயிரும்” என்று பாதி வலையோடு விரட்டிவிடுவார்கள். கூலியில் பாதி என்று ஒருநாளும் பிடித்ததில்லை. கைவீச்சம் போகப் புளியைக் கரைத்துத் தேய்த்து, பிறகு சோப்பு போடுங்கள். வெறும் சோப்பை நம்பி பஸ் ஏறினால் பக்கத்து சீட் காலியாகத்தான் வரும்.

ஊற்றடி ஆத்தாமாரே, கல்லூரிக்குப் போகிற பிள்ளை குடத்தோடு வந்தால் வரிசையை விலக்கி முதல் ஊற்றைக் கொடுத்தீர்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் எங்கள் தெருவுக்கு இந்த மணல்மேட்டு ஊற்றுதான் கதி. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட இலேசு, அதனால் மணலுக்குள் மேலாக மிதந்து நிற்கிறது. ஊறுகிற அளவுக்குத் தோண்டி நிறுத்திவிட வேண்டும். நிறையக் கிடைக்கும் என்று இன்னும் ஒரு முழம் இறக்கினால் அடியிலிருந்து உப்பு ஏறி, அந்தக் குழி கொஞ்ச நாளைக்கு யாருக்கும் ஆகாது. வாளி போட்டு மொண்டால் கலங்கும். சிரட்டையைச் சாய்த்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, குடத்தின் வாயில் துணி கட்டி ஊற்ற வேண்டும். ஒரு சிரட்டை எடுத்தால் மறு சிரட்டைக்கு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு பாடத்தைப் படித்து முடித்துவிடலாம், மிகையாகச் சொல்லவில்லை.

வயர்மேன் அண்ணனுக்கு மார்கழி தை மாத நன்றி. கடல்காற்றில் வரும் உப்பு இன்சுலேட்டரில் படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்ததும் மின்சாரம் அதன் வழியே கசிந்து பொறி பறக்கும், லைன் போய்விடும். பரீட்சைக்குப் படிக்க எழும் நாலு மணிக்குத்தான் இது பெரும்பாலும் நடக்கும். தகவல் சொன்னதும் வந்தீர்கள். லைனை நிறுத்தி வேலை பார்க்கிற நாளில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று முன்னாலேயே சொன்னீர்கள், லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றிவைக்க முடிந்தது. சார்ஜர் பின்னில் பச்சைக் களிம்பு கண்டால் பிளக்கிலிருந்து பிடுங்கி, ரப்பரால் தேய்த்துத் துடை என்ற உங்கள் வைத்தியம் இப்போது தெரு முழுக்க நடக்கிறது.

இ-சேவை அக்கா, கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்காகக் கம்ப்யூட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரவேண்டியது ஏன் வரவில்லை என்பதற்கு நீங்கள் கண்டுபிடித்துச் சொன்ன காரணம் பலருக்கும் ஒன்றுதான். பாஸ்புக்கோடு ஆதார் நகலைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு பிணைத்தோமோ அதற்குத்தான் போகும். பள்ளியில் ஒன்று, கல்லூரியில் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் பழைய பாஸ்புக்கை முதலில் பதிந்து பாருங்கள். இன்னொன்று, சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் விண்ணப்பிக்கும் முன்னேயே திருத்திவிடுங்கள். பணம் நின்ற பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.

கடைக்காரக் காக்காவுக்குச் சின்னதாக ஒன்று. வியாபாரம் முடிந்தும் கடைசி பஸ் வரும்வரை வாசல் விளக்கை எரியவிட்டீர்கள். பொம்பளைப் பிள்ளைகள் இருட்டில் நடக்கவில்லை. முன்பக்கம் ரோஸ் பூசிய டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதற்காகக் காத்திருந்து வருவதால்தான் எங்களுக்கு இந்தத் தாமதம்.

அடுத்த நடவுக்குப் பின்னல் கயிறு வெட்டிவைத்திருக்கிறோம். முடிச்சுக்கு ஒன்றாக ஒரு மிதவைக்கு 400 துண்டு, நுனி பிரியாமல் விளக்கில் காட்டிக் கருக்கியாயிற்று. எங்கள் பரீட்சை அட்டவணையைக் காக்கா கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சிவப்பில் வட்டம் போட்ட நாட்களில் மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற சனி ஞாயிறில் விடியுமுன் குரல் கொடுங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
வடகடல் தெருக் கல்லூரிப் பிள்ளைகள்